பாலைக் காய்ச்சினால் மட்டும் போதுமா?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பச்சைப் பாலில் இருக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு குரல்கள் கேட்கும். "நாங்கள்தான் பொங்கப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கிறோமே, எங்களுக்கென்ன?" என்பது ஒன்று. "எங்கள் தாத்தா மாட்டடியில் உட்கார்ந்து நுரையோடு குடித்தவர், தொண்ணூறு வயது வரை திடமாக இருந்தார்" என்பது இன்னொன்று. தாத்தாவின் பேரனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் சின்னது. காய்ச்சிக் குடிப்பவருக்குச் சொல்ல வேண்டியதுதான் நீளமானது. அவர் செய்வது சரி. அதோடு கதை முடிந்தது என்று அவர் நினைப்பதுதான் சரியில்லை.

முதலில் பேரனிடம் பேசிவிடுகிறேன்.

நோயில்லாத மாட்டின் மடிக்குள் இருக்கும்போது பாலில் கிருமிகள் மிகக் குறைவு. காம்பை விட்டு வெளியே வரும்போதுதான் சேர ஆரம்பிக்கின்றன. காம்புத் தோல், அதில் ஒட்டிய சாணம், கறப்பவர் கை, மடியைக் கழுவிய தண்ணீர், வாளியின் விளிம்பு, அடிக்கடி வீசும் வால் என்று எல்லாமே கிருமி வரும் வழிகள். பால் கன்றுக்கு எவ்வளவு நல்ல உணவோ, பாக்டீரியாவுக்கும் அவ்வளவு நல்ல உணவு. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குத் தோதான சூடு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். காலை ஆறு மணிக்குக் கறந்த பாலில் ஒன்றே ஒன்று இருந்தாலும், அதே வேகத்தில் பெருகினால் பத்து மணிக்கு அது 4,096. ஒன்றோடு தொடங்கும் பால் எங்கும் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பிழைத்தார், உண்மை. பச்சைப் பால் வழியே வந்த காசநோயிலும், விட்டுவிட்டு வரும் புருசெல்லோசிஸ் காய்ச்சலிலும் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் குடும்பமும் கணக்கு வைக்கவில்லை. பிழைத்தவரின் பேரன்தான் இன்று கதை சொல்ல இருக்கிறார். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். அது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 1940களில். தாத்தா சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டு மாடு ஆன்டிபயாட்டிக் ஊசி பார்த்ததில்லை, அதன் குடலில் இருந்த கிருமியும் பார்த்ததில்லை. இன்றைய மாடு பார்த்திருக்கிறது. கிருமியும் பார்த்திருக்கிறது.

இப்போது நகரங்களில் பச்சைப் பால் மறுபடியும் மோஸ்தராகி வருகிறது. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, "பண்ணையிலிருந்து நேராக" என்று எழுதி, அதில் நல்ல பாக்டீரியா நிறைய இருப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். அமெரிக்காவில் இந்த மோகம் நமக்கு முன்பே வந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஐந்து மாநிலங்களின் கடைகளிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பச்சைப் பாலில், சொல்லப்பட்ட அளவுக்கு நல்ல பாக்டீரியாக்கள் இல்லை. பச்சைப் பாலை அறை வெப்பத்தில் வைத்தபோது, மருந்து எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. குளிர்பெட்டியில் வைத்த பாலில் அந்தப் பெருக்கம் அவ்வளவு இல்லை. பச்சைப் பாலை வெளியே வைத்துப் புளிக்கவிட்டுக் குடிப்பது அங்கே ஒரு பழக்கம். நன்மை தேடி வெளியே வைத்தவர்கள் வளர்த்தது வேறு ஒன்றை. நம் வீட்டுத் தயிர் அப்படியல்ல. காய்ச்சி ஆறவைத்த பாலில், தெரிந்த உறையை ஊற்றுகிறோம். அது புளிக்கப் புளிக்க மற்ற கிருமிகள் பலவற்றுக்கு இருப்புக் கொள்ளாது. காய்ச்சாத பாலைத் தானாகப் புளிக்கவிடுவதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

ஆகவே பேரனுக்கு என் பதில்: பச்சைப் பால் வேண்டாம். குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

சூடு எதைக் கொல்லும், எதை விட்டுவிடும்

இனி காய்ச்சிக் குடிப்பவரிடம் வருகிறேன்.

மருந்துக்கு அடங்காத கிருமி சூட்டுக்கும் அடங்காது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. மருந்தை எதிர்க்கும் திறன் வேறு, வெப்பத்தைத் தாங்கும் திறன் வேறு. பாலைப் பாஸ்டரைஸ் செய்வதென்றால் 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைப்பார்கள், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. அந்தச் சூட்டில் சாதாரண ஈ.கோலை எப்படிச் சாகிறதோ, பத்து மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலையும் அப்படியே சாகும். அடுப்பில் பொங்கவிட்டுக் காய்ச்சுவது அதைவிடக் கடுமையான சூடு. அந்த மட்டில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் சூடு மூன்று விஷயங்களில் நம்மைக் கைவிடுகிறது.

முதலாவது நச்சு. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மாட்டு மடியிலும் இருக்கும், மனிதர் மூக்கிலும் கைப்புண்ணிலும் இருக்கும். வெதுவெதுப்பான பாலில் பெருகும்போது அது ஒரு நச்சைச் சுரக்கிறது. காய்ச்சினால் பாக்டீரியா செத்துப்போகும், நச்சு அப்படியே இருக்கும். 2000ஆம் ஆண்டு மார்ச் கடைசி நாளில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் தைக்கி என்ற ஊர்ப் பால் தொழிற்சாலையில் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. அந்த நேரத்தில் குளிர் இல்லாமல் கிடந்த பாலில் இந்த நச்சு உருவானது. அது பால்மாவாகி, வேறொரு ஆலைக்குப் போய், ஜூன் மாதக் கடைசியில் ஒசாகா பகுதியில் கொழுப்புக் குறைத்த பாலாக விற்கப்பட்டது. பதின்மூவாயிரத்துக்கும் அதிகமானோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். கிருமி எப்போதோ செத்துவிட்டது. அது விட்டுச் சென்றது மூன்று மாதம் கழித்து வேலை செய்தது.

இரண்டாவது, சூடாக்கிய பிறகு மறுபடியும் கிருமி சேர்வது. 1985இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்ததை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஒரே பால் ஆலை, இரண்டு பிராண்டுகள், இரண்டும் பாஸ்டரைஸ் செய்த பால். அதிலிருந்து சால்மொனெல்லா என்ற குடல் கிருமி பரவியது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் 16,000 பேருக்கு மேல். உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எடுத்த இரண்டு கணிப்புகளில் ஒன்று 1,68,791 என்றது, மற்றது 1,97,581 என்றது. அந்தக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காதது. அதன் எதிர்ப்புத் திறன் அபூர்வமான வகையாக இருந்ததால்தான் அதை அடையாளம் கண்டு பின்தொடர முடிந்தது. பாஸ்டரைஸ் செய்த பிறகு பாலில் அது திரும்பத் திரும்பச் சேர்ந்திருக்க வேண்டும், பத்து மாதமாகவே அந்த ஆலையில் தங்கியிருந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு.

அதில் இன்னொரு செய்தி உண்டு. நோய் வந்தவர்களில் பலர், அதற்குச் சற்று முன்னால் வேறு எதற்காகவோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நம் குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புதிதாக வரும் கிருமிக்கு இடம் கொடுக்காது. மருந்து அவற்றை அழித்துவிட்டால் இடம் காலியாகிறது. அந்த நேரம் பார்த்து மருந்துக்கு அடங்காத கிருமி பாலில் வந்தால், காலி இடம் முழுவதும் அதற்குத்தான்.

நம் ஊரிலும் இதை யோசித்துப் பார்க்கலாம். பன்னீர் சூடான பாலைத் திரித்துச் செய்வது. ஆனால் திரித்த பிறகு பிழிவது, அழுத்துவது, வெட்டுவது எல்லாம் கைவேலை. பால்கோவா மணிக்கணக்கில் கொதித்தது. இலையில் வைத்து மடித்துக் கொடுக்கும் கை கொதித்ததல்ல. பால் பண்டங்களில் ஆபத்து பெரும்பாலும் அடுப்பை விட்டு இறக்கிய பிறகு வருகிறது.

மூன்றாவது, பாலில் கலந்திருக்கும் மருந்து. மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக்கின் மிச்சம் பாலில் இறங்கும். பல மருந்துகளைக் காய்ச்சுவதால் முழுதாக அழித்துவிட முடியாது. இதை முதலில் கண்டுகொண்டவர்களில் வெளிநாட்டுப் பாலாடைக்கட்டி செய்பவர்கள் முக்கியமானவர்கள். 1940களின் கடைசியிலும் 50களிலும், மாட்டு மடிக்குப் பெனிசிலின் ஏற்றத் தொடங்கிய காலத்தில், அவர்கள் ஊற்றிய உறை திடீரென்று வேலை செய்யாமல் போனது. உறையும் பாக்டீரியாதானே? பாலில் இருந்த மருந்து அதைக் கொன்றுவிட்டது. இன்றும் பாலில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கப் பல ஆலைகளில் பயன்படும் ஒரு சோதனை இதே தத்துவம்தான். மருந்துக்கு எளிதில் மடங்கும் ஒரு பாக்டீரியாவைப் பாலோடு சேர்த்துச் சூட்டில் வைப்பார்கள். அது வளர்ந்தால் ஊதா நிறம் மஞ்சளாகும். ஊதாவாகவே இருந்தால் பாலில் மருந்து இருக்கிறது.

இந்தியாவில் எந்த அளவு இருக்கிறது என்று கேட்பீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 77இல் ஆன்டிபயாட்டிக் மிச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளலாம். பயந்த அளவுக்கு இல்லை, ஆறுதல்தான். ஆனால் இந்தக் கணக்கு சொல்வது மருந்தின் மிச்சத்தை மட்டும். மருந்து சில நாட்களில் மாட்டின் உடம்பை விட்டுப் போய்விடும். அந்த மருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு எஞ்சிய பாக்டீரியா போகாது. மிச்சம் தேடும் சோதனையில் அது அகப்படவும் அகப்படாது.

இங்கேதான் காய்ச்சிக் குடிப்பவருக்கான பதில் தொடங்குகிறது. உங்கள் டம்ளரில் அந்தப் பாக்டீரியா செத்திருக்கும். அது பிறந்த தொழுவத்தில் உயிரோடுதான் இருக்கிறது.

தொழுவத்தில் நடப்பது

கறவை மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போடும் காரணங்களில் முதலிடம் மடிநோய்க்கு. மடி கல் போல வீங்கும், சூடாக இருக்கும், பால் திரிதிரியாக வரும். இது கண்ணுக்குத் தெரியும் வகை. கண்ணுக்குத் தெரியாத வகைதான் அதிகம். மடி பார்க்க நன்றாக இருக்கும், பாலும் வெள்ளையாக வரும், அளவு மட்டும் கொஞ்சம் குறையும். உள்ளே கிருமி இருக்கும்.

இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். சாயங்காலம் கறக்கும்போது ஒரு காம்பில் திரிப் பால் வருகிறது. மருத்துவர் இருப்பது பக்கத்து ஊரில். மருந்துக்கடை இருப்பது பேருந்து நிறுத்தத்தில். போன தடவை எந்த ஊசி கேட்டதோ அதே ஊசி. எந்தக் கிருமி என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பால் தெளிகிறது, மூன்றாம் நாள் ஊசி நிற்கிறது. மருந்து போட்ட நாட்களிலும் அதற்குப் பின் சில நாட்களிலும் பாலை ஒதுக்க வேண்டும். ஒரே காம்பில் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். பத்து லிட்டர் கறக்கும் மாடு, ஏழு நாள் ஒதுக்கினால் 70 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தால் 2,450 ரூபாய். மருந்துச் செலவு தனி. அந்த வீட்டில் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் அந்தப் பாலிலிருந்துதான் போகின்றன. அவர்கள் கொட்டுவார்களா? மனச்சாட்சி உள்ளவர்கள் சங்கத்தில் ஊற்றாமல் கன்றுக்குக் கொடுப்பார்கள்.

கன்றுக்குக் கொடுத்தால் என்ன? கொஞ்சம் மருந்து கலந்த பால், வளர்ந்துவரும் ஒரு குடலுக்குள் தினமும் போகிறது. அந்த அளவு மருந்து எல்லாக் கிருமியையும் கொல்லப் போதாது. எளிதில் சாகும் கிருமிகளைக் கொன்று, சாகாதவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கப் போதும். கன்றின் சாணம் குப்பைக் குழிக்குப் போகிறது, குழியிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து வாய்க்காலுக்கு. தொழுவத்தில் வேலை செய்பவர் கையில் ஒட்டி வீட்டுக்கும் வருகிறது.

இந்த எதிர்ப்பு, தாய்ப் பாக்டீரியாவிடமிருந்து பிள்ளைப் பாக்டீரியாவுக்கு மட்டும் போவதாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். ஜப்பானில் 1959இல் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா, பல மருந்துகளை எதிர்க்கும் திறனை ஒரே நேரத்தில் ஈ.கோலையிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. இரண்டும் வேறு வேறு இனம். பாக்டீரியாவின் முக்கிய மரபுப் பொருளுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சின்ன வளையம் உண்டு. அடுத்த வீட்டுக்காரிக்குச் சமையல் குறிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது போல, ஒரு பாக்டீரியா அந்த வளையத்தின் படி ஒன்றை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். ஆகவே மாட்டுக் குடலில் உருவான எதிர்ப்பு, மாட்டுக்கு மட்டும் நோய் தரும் கிருமியோடு நிற்பதில்லை.

மாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் கூடாது. இங்கிலாந்தில் மார்க் ஹோம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் மடிநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு பண்ணைப் பாலில் கிடைத்த ஸ்டாஃபைலோகாக்கஸ், மெத்திசிலின் மருந்துக்கு அடங்கவில்லை. ஆனால் எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸைக் கண்டுபிடிக்கும் வழக்கமான மரபணுச் சோதனையிலும் அது சிக்கவில்லை. அதுவரை யாரும் அறியாத ஒரு மரபணு அதனிடம் இருந்தது. 2011இல் இதை வெளியிட்டார்கள். அந்த மரபணு மனிதர்களிடமிருந்து எடுத்த கிருமிகளிலும் இருந்தது. மாட்டுக்குப் போட்ட மருந்தால்தான் இது வந்தது என்று எல்லோரும் சொல்லத் தயாரானார்கள். 2022இல் வேறு பதில் வந்தது. ஐரோப்பிய முள்ளெலியின் தோலில் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அது பெனிசிலின் வகைப் பொருளைச் சுரக்கிறது. அதே தோலில் வாழ வேண்டிய ஸ்டாஃபைலோகாக்கஸ், மனிதன் பெனிசிலினை அறிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அதை எதிர்க்கப் பழகிவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. எதிர்ப்பு மரபணுவை நாம் படைக்கவில்லை. அது இயற்கையில் எங்கோ ஒரு மூலையில் எப்போதும் இருந்தது. மூலையில் கிடந்ததைக் கூடத்துக்கு அழைத்து வந்து உட்கார வைப்பதுதான் நம் மருந்துப் பழக்கம். மனித மருத்துவத்தில் நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்குகளும் இதே வேலையைச் செய்கின்றன. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பங்கையும் ஒத்துக்கொண்டுதான் விவசாயியைப் பார்த்துப் பேச வேண்டும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இத்தனைக்கும் பால் காரணமில்லை. ஆனால் பால் தொழிலும் கைகழுவிக்கொள்ள முடியாது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி நம் மருத்துவமனைகளில் மனிதர்களுக்குப் போடும் மருந்து. அதே பெயர் ஊசிதான் நம் மாடுகளுக்கும் போகிறது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

உலகம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் கன்றுகளிடையே பரவிய, மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா மனிதர்களுக்கும் வந்ததைத் தொடர்ந்து ஸ்வான் குழு என்ற ஆய்வுக் குழு அமைந்தது. மனிதருக்குத் தேவையான மருந்துகளைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலக்காதீர்கள் என்று அது 1969இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை முழுவதுமாக நிறுத்தியது 2006 ஜனவரி 1 முதல். இடையில் 37 ஆண்டுகள்.

நம் நாட்டில் 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன. சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல், முக்கியமான சில ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி வந்தது. 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கொலிஸ்டின் மருந்தை முறியடிக்கும் பிளாஸ்மிட் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. வேறெதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து கொலிஸ்டின். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் அதைத் தடை செய்தது. நல்ல முடிவுகள்தான்.

ஆனால் தொழுவத்து வாசலில் சட்டம் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஆலைக்கு வரும் ஒவ்வொரு டேங்கர் பாலையும் பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்குச் சோதிக்க வேண்டும். தேறாவிட்டால் முழு டேங்கரும் நிராகரிக்கப்படும், காரணமான பண்ணை இழப்பை ஏற்கும். அங்கே ஒரு பண்ணையில் நூற்றுக்கணக்கில் மாடுகள், யார் பால் என்று தெரியும். நம் சங்கத்தில் ஐந்து லிட்டர், மூன்று லிட்டர் என்று ஐம்பது வீட்டுப் பால் ஒரே கேனில் விழுகிறது. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், ஒருவர் பாலுக்காக நாற்பத்தொன்பது பேர் தண்டனை அனுபவிப்பார்கள்.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. பால் வற்றும் காலத்தில் எல்லா மாட்டு மடிக்கும் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் டியூப் ஏற்றும் வழக்கத்தை நிறுத்தி, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். எந்தப் பண்ணை எவ்வளவு மருந்து வாங்குகிறது என்று கணக்கு வைத்து, ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2009க்குப் பின் வந்த பத்தாண்டுகளில் கால்நடைகளுக்கான ஆன்டிபயாட்டிக் விற்பனை சுமார் 70 விழுக்காடு குறைந்தது. டச்சுப் பால் தொழில் படுத்துவிடவில்லை.

மருந்தைக் குறைப்பதற்கான அறிவு நம்மிடமும் இருக்கிறது. மடிநோயை வரவிடாமல் தடுப்பதில் பெரும்பகுதி செலவில்லாத வேலை. கறப்பதற்கு முன் மடியைக் கழுவித் துடைப்பது. முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்ப்பது. நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறப்பது. கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் நனைப்பது. கறந்தவுடன் தீவனம் போட்டு மாட்டை நிற்க வைப்பது. கறந்த பிறகு காம்புத் துளை மூடச் சற்று நேரமாகும், அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்திருக்கும். மறைந்திருக்கும் மடிநோயைக் கண்டுபிடிக்க ஒரு தட்டும் ஒரு சோப்புக் கரைசலும் போதும். கலிஃபோர்னியாவில் 1957இல் வந்த சோதனை அது. பாலும் கரைசலும் சேர்ந்து கூழானால் நோய் இருக்கிறது.

நோய் வந்த பின்னும் எல்லாவற்றுக்கும் ஊசி தேவையில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னின்று தொகுத்த மூலிகை முறை ஒன்று உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர்விட்டுக் கரைத்து, கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பத்து முறை தடவுவது. ஐந்து நாள் தொடர வேண்டும். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இதை நாடு முழுவதும் உள்ள சங்கங்களுக்கு எடுத்துச் சென்றிருக்கிறது. தொடக்க நிலையில் இதைச் செய்து பாருங்கள் என்று நானும் சொல்கிறேன். காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், மாடு சோர்ந்து படுத்தால் கற்றாழையை நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்போது ஆன்டிபயாட்டிக் தேவை. அந்த நாளில் அது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாட்களில் வேண்டாம் என்கிறோம்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? இந்தக் கூட்டத்தில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். நம் பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் வைத்து. அந்த இரண்டு எண்ணும் நன்றாக இருந்தால் மடிநோய்ப் பாலும் நல்ல பால், ஊசி போட்ட பாலும் நல்ல பால். சுத்தமாகக் கறந்தவருக்கு ஒரு பைசா கூட இல்லை. ஊசி போட்டுவிட்டு, மனச்சாட்சிக்குப் பயந்து ஏழு நாள் பாலைக் கொட்டியவருக்கு 2,450 ரூபாய் அபராதம். நேர்மைக்கு அபராதம் விதிக்கும் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்கம் நடத்துவதில் பயனில்லை.

ஆகவே மூன்று தரப்பாரிடம் மூன்று வேண்டுகோள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பாலைக் காய்ச்சுங்கள், ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள், பச்சைப் பாலுக்கு ஆசைப்படாதீர்கள். சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்கு: கடைக்காரர் கொடுக்கும் ஊசியை மாட்டுக்குப் போடாதீர்கள். மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடுங்கள். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

சங்கங்களுக்கும் பால் நிறுவனங்களுக்கும் அரசுக்கும்: மடிநோய்ச் சோதனையைச் சங்கத்து வாசலிலேயே இலவசமாகச் செய்யுங்கள். சிகிச்சையில் இருக்கும் மாட்டின் பாலை ஒதுக்கியவருக்கு, மருத்துவர் சீட்டைக் காட்டினால், அந்த நாட்களின் விலையில் ஒரு பகுதியைக் கொடுங்கள். கிருமி குறைந்த பாலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கொடுங்கள். அந்த ஒரு ரூபாயை நாங்கள் தரமாட்டோம் என்று நுகர்வோர் சொன்னால், நாளை மருத்துவமனையில் கேட்காத மருந்துக்கு அதைவிடப் பல மடங்கு தர வேண்டியிருக்கும்.

காய்ச்சுவது நம் வீட்டைக் காப்பாற்றும். மருந்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சுத்தமான பாலுக்கு விலை கொடுத்தாக வேண்டும்.